குடவோலையும் குறுநாடகமும்

நமது நாட்டில் நாடகம் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பார்க்கிறவர்களுக்கும் அவ்வளவு பஞ்சமில்லை. ஒரு நாடகாசிரியர் எழுதியதை இன்னொரு நாடகாசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரையில் பார்த்து, நன்றாயிருந்த இடத்தில் வாய்விட்டுச் "சபாஷ்!" என்று சொல்வதற்குத்தான் பெரும் பஞ்சமாயிருக்கிறது. சங்கீத உலகத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது பாடகர் தாளம் போட்டுக்கொண்டே தலையை அசைக்கிறார். தமிழ்ப் புலவர்களோ ஒருவர் நூலுக்கு ஒருவர் சாற்றுகவி பாடிக் கொடுத்து வாழ்ந்தார்கள். நாடகாசிரியர் மாத்திரம் சக நாடகாசிரியரின் அரங்கத்தில் நுழைந்தால், "ஊரில் ஒரு கல்யாணம்" என்று சொல்லி இடைவேளையில் எழுந்து போய்விடுகிறார். நாமும் நாடகம் எழுதுகிற கூட்டத்தைச் சேர்ந்தவரே. ஆகையால் இதை உரிமையோடு சொல்லுகிறோம்.

பெரிய நாடகங்களின் கதியே இதுவானால், குறுநாடகத்தின் கதியைக் கேட்பானேன்? அரை மணி நேரத்தில் ஆடி முடிக்கும் ஓரங்க நாடகத்தை விருந்தில் ஊறுகாயைப் போல் இலையின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில், பரிசளிப்பு முடிந்து, தலைமை தாங்கியவர் காரில் ஏறிய பிறகு, ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டத் தொடங்கும் சமயத்தில் அது ஆரம்பமாகிறது. விளம்பரத் தாளில் நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும். பந்தல் போட்டவர் பெயர்கூட இருக்கும். நாடகத்தை எழுதியவர் பெயர் இராது. எழுதியவரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "பெரிய நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், இது சும்மா பிள்ளைகளுக்காக" என்று சொல்லிவிடுகிறார்.

குறுநாடகம் சும்மா விஷயமா என்பதைத்தான் இந்த வாரம் கவனிக்கப் போகிறோம். இதற்காக நேயர்களை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துச் செல்லப் போவதில்லை. காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சீமையே நமக்குப் போதும்.

அரசன் எழுதிய அரை மணி

சுமார் 1400 வருஷங்களுக்கு முன், காஞ்சியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாஸம்' என்று ஒரு பிரகசனம் எழுதினான். வடமொழியில் உள்ள ஓரங்க ஹாஸ்ய நாடகம் அது. இடம் வேறெங்கும் இல்லை. காஞ்சி நகரத்துத் தெருவேதான்.

ஸத்தியஸோமன் என்னும் காபாலிகன், துணைவி தேவஸோமையுடன் தள்ளாடிக்கொண்டு வருகிறான். அவனுடைய கபாலத்தைக் காணோம். பிச்சை வாங்கும் பாத்திரமும் அதுதான். மது அருந்தும் கிண்ணமும் அதுதான். அவன் விரதத்துக்கு அடையாளமும் அதுதான். அவ்வழியே வரும் நாகஸேனன் என்னும் பௌத்த பிக்ஷு, ஆடைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருக்கிறான். திருடன் அகப்பட்டான் என்று காபாலிகன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். மத்தியஸ்தம் செய்யப் பாசுபதன் ஒருவன் வருகிறான். வாதம் வளருகிறது, வழக்குத் தீரவில்லை. கடைசியில் ஒரு பைத்தியக்காரன், நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு வந்து சேருகிறான். மூன்று சமயத்தார் கூடித் தீர்க்க முடியாத வழக்கை ஒரு நாயும் ஒரு பைத்தியக்காரனும் தீர்த்து வைக்கிறார்கள்!

ஸாதாரண ரஸிகர் இந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிப்பார். நாடகம் எழுதுகிறவர் பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் பொறாமையும் உண்டாகும். காரணம், நாடகம் முழுவதும் ஒரே ஒரு பாத்திரத்தைச் சுற்றி நடக்கிறது. கபாலம் தொலைந்தது; கபாலம் கிடைத்தது. நடுவில் ஒரு காட்சி மாற்றம் இல்லை. ஒரு சாமான் காணாமற் போனவுடன் மனிதர்களின் கோபம், பேராசை, பொய், தர்க்கம் எல்லாம் தாமாகவே வெளியே வந்துவிடுகின்றன. குறுநாடகத்துக்கு இதைக் காட்டிலும் நல்ல இலக்கணம் வேண்டுமா?

இன்னும் ஒரு விஷயம். வழக்கை நியாயஸ்தலத்துக்குக் கொண்டு போகலாம் என்ற பேச்சு எழும்போது, தேவஸோமை ஆட்சேபிக்கிறாள். விஹாரங்களின் செல்வமெல்லாம் பிக்ஷுவின் கையில் இருக்கிறது. அதிகாரிகளின் வாயை அவனால் அடைக்க முடியும். ஏழைக் காபாலிகனால் முடியுமா என்பது அவள் வாதம். அந்த நியாயஸ்தலம் யாருடையது? நாடகம் எழுதிய மகேந்திரனுடையதே! தன் ஆட்சியில் லஞ்சம் உண்டு என்பதைத் தன் நாடகத்திலேயே ஒரு பெண்ணின் வாயால் சொல்லவைத்த அரசன் அவன். பிற்காலத்தில், 1876-இல், ஆங்கில சர்க்கார் நாடகங்களை அடக்குவதற்கென்றே ஒரு சட்டம் செய்ததை நினைத்தால், பல்லவனுடைய பெருந்தன்மை நன்றாக விளங்கும்.

கல்லில் வெட்டிய சபாஷ்

காஞ்சிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் மாமண்டூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து செய்த குகைக் கோயில் ஒன்றில் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு, மிகவும் சிதைந்த நிலையில் காணப்படுகிறது. அதில் மத்தவிலாஸத்தின் பெயர் வருகிறது. கூடவே 'பகவதஜ்ஜுகம்' என்னும் மற்றொரு பிரகசனத்தின் பெயரும் வருகிறது.

பகவதஜ்ஜுகமும் லேசுப்பட்ட நாடகம் அன்று. ஒரு தோட்டத்தில் ஸந்நியாசி ஒருவர் தம் சிஷ்யனுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறார். அங்கே வந்த கணிகையின் உயிரை எமதூதன் ஆள் தெரியாமல் கொண்டு போய்விடுகிறான். சிஷ்யன் புலம்புவதைக் கண்டு, யோகத்தின் மகிமையைக் காட்டுவதற்காக, குரு தம் உயிரைக் கணிகையின் உடம்பில் செலுத்துகிறார். தவறை உணர்ந்து திரும்பி வந்த எமதூதன், கணிகையின் உயிரை வைக்க இடமில்லாமல் ஸந்நியாசியின் உடம்பில் வைத்துவிடுகிறான். பிறகு கேட்க வேண்டுமா? கணிகை வேதாந்தம் பேசுகிறாள். ஸந்நியாசி காதலனை அழைக்கிறார்!

இந்த நாடகத்தை இயற்றியவர் போதாயனர் என்று பழைய உரை ஒன்று கூறுகிறது. மகேந்திரனே இரண்டையும் எழுதினான் என்று வாதிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. போதாயனர் கட்சி ஜயிக்க வேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை. அரசன் தன் நாடகத்தின் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. பிறருடைய நாடகத்தின் பெயரையும் தன்னுடையதோடு சரியாசனம் கொடுத்து அவன் பொறித்திருந்தால், சக நாடகாசிரியருக்குக் கல்லில் வெட்டிக் கொடுத்த சபாஷ் அல்லவா அது?

காஞ்சியில் பிறந்த இந்தப் பிரகசனங்களைக் காப்பாற்றி வைத்தவர்கள் மலையாள தேசத்துச் சாக்கியார்கள். அவர்கள் தங்கள் கூடியாட்டத்தில் இவற்றை ஆடி வந்தார்கள். மத்தவிலாஸத்தின் மூலம் 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் அச்சிடப்பட்டது. தமிழ்நாட்டின் தலைநகரில் எழுதிய நாடகம், அடுத்த தேசத்து நடிகர்கள் ரஸித்த காரணத்தால் நமக்குக் கிடைத்தது. ரஸிப்பும் ஒருவகைக் காவல்தான்.

நீதிபதியும் கூத்துப் பட்டறையும்

இனி நமக்குச் சமீபமான காலத்துக்கு வருவோம். உத்திரமேரூரும் பம்மலும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர்கள். அந்தப் பம்மலைப் பூர்விகமாகக் கொண்ட சம்பந்த முதலியார், இளம் வயதில் தமிழ் நாடகம் என்றாலே முகத்தைச் சுளித்தவர். 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்னும் வக்கீல் தம் சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவற்றைப் பார்த்ததும் முதலியாரின் மனம் மாறிவிட்டது. அதே வருஷத்தில் சுகுண விலாஸ சபை தோன்றியது. வேறு பாஷை பேசிய ஒரு நாடகாசிரியரை ரஸித்ததிலிருந்து தமிழ் நாடகத்தின் ஒரு சகாப்தமே பிறந்தது என்று சொல்லலாம்.

சம்பந்த முதலியாரின் 'மனோஹரா'வை அறியாதவர் இல்லை. ஆனால் எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயரை வைத்து அவர் எழுதிய 'சபாபதி'யின் சிறு நாடகங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! 1941-இல் அது சினிமாவாகவும் வந்தது. பிற்காலத்தில் கோர்ட்டு நீதிபதியாகவும் இருந்த அவர், தம் காலத்துக் கலைஞர்களைப் பற்றி 'நான் கண்ட நாடகக் கலைஞர்கள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தம் வெற்றியை எழுதுவதற்கு எல்லோருக்கும் பேனா ஓடும். பிறருடைய திறமையை எழுதுவதற்கும் ஓடிய பேனா அவருடையது.

அடுத்தவர் ந. முத்துசாமி. தஞ்சை ஜில்லாவில் புஞ்சை என்ற ஊரில் பிறந்த இவர், 'காலம் காலமாக', 'நாற்காலிக்காரர்' முதலிய சிறு நாடகங்களை எழுதியவர். தேர்தலையும் வாக்குக் கேட்கும் வைபவத்தையும் ஒரு விளையாட்டாக்கிக் காட்டுவது 'நாற்காலிக்காரர்'. புதுமுறையில் எழுதிப் பெயர் பெற்ற இந்த ஆசிரியர், புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து மெய்மறந்து போனார். புரிசை உத்திரமேரூருக்கு மேற்கே, இன்றையத் திருவண்ணாமலை ஜில்லாவில் இருக்கிறது. பார்த்ததோடு முத்துசாமி நிற்கவில்லை. கூத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தம்பிரானை ஆசானாக ஏற்றுத் தம் நடிகர்களைப் பயில வைத்தார். நகரத்து ஆசிரியர் கிராமத்து வாத்தியாருக்குச் செய்த மரியாதை அது. 2018-இல் முத்துசாமி காலமானார்; அந்த மரியாதையின் பலன் இன்னும் மேடைகளில் தெரிகிறது.

தெருக்கூத்து என்றதும், "அது விடிய விடிய நடப்பதாயிற்றே, அதற்கும் குறுநாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பாரதம் படிக்கிறார்கள். இரவில் கூத்து நடக்கிறது. துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவும் ஒரு பெரிய நாடகம். ஆனால் கூர்ந்து கவனித்தால், அந்த நீண்ட இரவு பல சிறு நாடகங்களைக் கோத்த மாலை என்பது தெரியும். துரியோதனன் திரைக்குப் பின்னால் கர்ஜிக்கிறான். கட்டியக்காரன் முன்னால் நின்றுகொண்டு, சக்கரவர்த்தியின் குலம் கோத்திரங்களை விசாரிக்கிறான். நடுவில் ஊர் ஏரியின் மதகையும், ரேஷன் கடையின் அரிசியையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லுகிறான். ஜனங்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் ராஜாவும் சேவகனும் நம் கண்முன் சமமாகிவிடுகிறார்கள். இதைக் காட்டிலும் உயர்ந்த ஓரங்க நாடகம் எது?

காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் உள்ள கட்டைக்கூத்துச் சங்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1990-இல் தோன்றிய இச்சங்கத்தின் மூலகர்த்தர்களில் ஒருவரான பெருங்கட்டூர் ராஜகோபால், நடிகர், ஆசிரியர், நாடகம் இயற்றுபவர் ஆகிய மூன்றுமானவர். 2002-இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த குருகுலத்தில் சிறுவர்களோடு சிறுமிகளும் பயின்றார்கள். ஆண்களே கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்து ஆடிவந்த கலையில், பெண்குழந்தைகள் கட்டை கட்டி ஆடத் தொடங்கியது சிறிய காரியம் அன்று.

அயர்லாந்து செய்த காரியம்

நம்மைப் போலவே ஆங்கில ஆட்சியின் கீழ் அவதிப்பட்ட அயர்லாந்து, தன் விழிப்பின் முதல் நாட்களில் ஒரு நாடக சாலையைக் கட்டிக்கொண்டது. டப்ளின் நகரத்து அபே நாடக சாலை 1904 டிசம்பர் 27-இல் திறக்கப்பட்டபோது அங்கே ஆடப்பட்டவை பெரிய நாடகங்கள் அல்ல; யேட்ஸும் கிரகரி அம்மையாரும் எழுதிய சிறு நாடகங்களே. அவர்களோடு சேர்ந்தவர் ஸிங் என்னும் இளைஞர். கடலுக்குப் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த ஒரு கிழத்தாயைப் பற்றி அவர் எழுதிய ஓரங்க நாடகம், அரை மணி நேரத்தில் ஒரு தேசத்தின் துக்கம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. 1907-இல் ஸிங்கின் வேறொரு நாடகத்தைப் பார்த்து ஜனங்கள் கலகம் செய்தார்கள். அப்போது யேட்ஸ், புகழ்பெற்ற கவியாயிருந்தும், தம் சகாவுக்காக மேடையேறிக் கூட்டத்தை எதிர்த்துப் பேசினார். தம் நாடகத்துக்காகப் பேசுவது ஸாதாரண தைரியம். பிறர் நாடகத்துக்காகப் பேசுவதற்கு வேண்டிய தைரியமே வேறு.

நமது யோசனை

நிற்க. சும்மா குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. உத்திரமேரூர் நமக்கு ஒரு வழி காட்டுகிறது.

அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில் வெட்டிய சாஸனங்கள் உலகப் பிரஸித்தமானவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அவை விவரிக்கின்றன. மஹாசபை கூடியிருக்கும். பெரியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பான். மறைக்க இடமே இல்லை! இதுவும் ஒரு குறுநாடகம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்தக் குடத்தை நாடகாசிரியர்கள் ஏன் கடன் வாங்கக் கூடாது? வருஷத்துக்கு ஒரு முறை, பாரத விழா நடக்கும் பங்குனி சித்திரை மாதங்களில், சுற்று வட்டாரத்து நாடகாசிரியர்கள் உத்திரமேரூரில் கூடட்டும். ஒவ்வொருவரும் அரை மணிக்கு மேற்படாத ஒரு நாடகம் கொண்டு வரட்டும். பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். யாருடைய நாடகம் யாருக்கு வருகிறதோ, அவர் அதை மேடையேற்ற வேண்டும். தம்முடையது தமக்கே வந்தால் மறுபடியும் குடம் குலுக்கப்படும். இப்படிச் செய்தால், பிறர் நாடகத்தை இடைவேளையில் விட்டுவிட்டு ஊர்க் கல்யாணத்துக்குப் போக முடியாதல்லவா?

நாடகம் முடிந்ததும், மேடையேற்றியவர் பத்து நிமிஷம் பேச வேண்டும். எழுதிய இடத்தில் மற்றவர் கண்ணுக்குப் படாத அழகு ஒன்றையும், திருத்த வேண்டிய குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். "பிரமாதம்! அபாரம்!" என்ற இரண்டு வார்த்தைகளுக்கும் அன்று ஒருநாள் தடை. இன்ன இடத்தில் இன்ன பாத்திரம் வாயை மூடிக்கொண்டது ஏன் நன்றாயிருந்தது, கடைசியில் வந்த உபதேசம் ஏன் வேண்டாதது என்று சொல்லத் தெரிந்தவனே ரஸிகன். மற்றதெல்லாம் முகஸ்துதி.

பழைய சாஸனத்தில் இரண்டு விதிகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முந்தின மூன்று வருஷங்களில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்பது ஒன்று. மூன்று வருஷம் மாலை வாங்கினவர் ஓய்வெடுக்கட்டும். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் தகுதியற்றவர் என்பது மற்றொன்று. நன்கொடைக் கணக்குக் காட்டாத காரியதரிசியின் மைத்துனர் தலைமை தாங்குவதற்கு இதனால் முடிவு உண்டாகும்.

ஆனால் ஒரு விதியை மாத்திரம் நாம் மாற்றியே தீர வேண்டும். அந்தப் பழைய குடத்தில் எல்லோர் பெயரும் விழவில்லை. நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட புருஷர்களின் பெயர்களே விழுந்தன. நிலத்தை உழுதவர் பெயர் இல்லை. பெண்களின் பெயர் இல்லை. நமது குடத்தில் பள்ளிக்கூட ஆசிரியையின் ஓலை விழ வேண்டும். காஞ்சி நெசவாளியின் ஓலை விழ வேண்டும். கூத்து ஜமாவின் வாத்தியார் ஓலையும், அவரிடம் பயின்ற பெண்ணின் ஓலையும் விழ வேண்டும். சுயராஜ்யத்துக்கு அதுதானே பொருள்? ஒருவர் கதையை ஒருவர் ஆடிக் காட்டும் ஊரில், ஒருவர் கஷ்டம் ஒருவருக்குப் புரியாமல் போகாது.

நாடகம் எழுதாத நேயர்கள், "இதில் எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்க வேண்டாம். குறுநாடகம் வீட்டுக்குள்ளேயே ஆடத்தக்கது. ஞாயிற்றுக்கிழமை மாலையில், தாத்தாவுக்கு ஒரு பாத்திரம், பாட்டிக்கு ஒரு பாத்திரம், குழந்தைகளுக்குத் தலைக்கு ஒன்று என்று பங்கிட்டுக்கொண்டு உரக்கப் படித்துப் பாருங்கள். மத்தவிலாஸத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு; கபாலத்துக்குப் பதில் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் போதும். பிறகு, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட விழாவில் நல்ல சிறு நாடகம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டும் வரையில் இருந்து, அதை எழுதியவர் யார் என்று விசாரியுங்கள். அவருக்கு இரண்டு வரியில் ஒரு கார்டு போடுங்கள். எந்த இடம் பிடித்தது என்பதை அதில் எழுத மறக்க வேண்டாம்.

மாமண்டூர்ப் பாறையைப் போல் அந்தக் கார்டு ஆயிரம் வருஷம் நில்லாது. ஆனால் அடுத்த நாடகம் எழுதப்படுவதற்கு அதுவே போதும்.